மூடிய கிண்ணத்துக்குள் எத்தனை? வீட்டில் போடும் கதைக்கணக்குகள்

ஐந்தும் மூன்றும் எவ்வளவு என்றால் யோசிக்காமல் எட்டு என்று சொல்லும் ஆறு வயதுப் பிள்ளையிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்: "கூடையில கொஞ்சம் தக்காளி இருந்துச்சு. அப்பா இன்னும் 3 தக்காளி வாங்கிட்டு வந்து போட்டார். இப்போ கூடையில 8 இருக்கு. முன்னாடி எத்தனை இருந்துச்சு?"

நிறையப் பிள்ளைகள் 11 என்பார்கள். கூட்டல் தெரியாமல் வரும் தவறல்ல இது. கூட்டல் நன்றாகத் தெரிவதால்தான் வருகிறது. "வாங்கிட்டு வந்து போட்டார்" என்றதும் ஏதோ சேர்ந்தது என்று மட்டும் புரிகிறது. கையில் 3, 8 என்று இரண்டு எண் கிடைக்கிறது, கூட்டிவிடுகிறார்கள். கூடையில் என்ன நடந்தது என்ற படம் மனதில் வரவே இல்லை.

பள்ளிப் புத்தகம் வாழ்க்கைக் கணக்கு என்று சொல்வதைத்தான் இங்கே கதைக்கணக்கு என்கிறோம். இதில் வேலை இரண்டு. நடந்ததைப் புரிந்துகொள்வது ஒன்று, எண்ணிச் சொல்வது மற்றொன்று. வீட்டில் பாடம் சொல்லிக் கொடுக்கும்போது நாம் இரண்டாவதற்குத்தான் அவசரப்படுகிறோம்: "கூட்டலா கழித்தலா, சீக்கிரம் சொல்லு." பிள்ளை தடுக்கி விழுவதோ முதல் வேலையில். அதற்கு நோட்டுப் புத்தகத்தைவிட அடுப்படிதான் நல்ல இடம், ஏனென்றால் அங்கே கதை கண்ணெதிரே நடக்கிறது.

ஒரே எட்டு, மூன்று கேள்வி

மேலே சொன்ன தக்காளிக் கதையை மூன்று விதமாகக் கேட்கலாம். மூன்றிலும் எண்கள் 5, 3, 8தான்.

முதல் விதம்: "5 இருந்துச்சு, 3 வாங்கிட்டு வந்தார், இப்போ எத்தனை?" இது நாலரை, ஐந்து வயதுக்கே வரும். 5 எடுத்து வைத்து, 3 எடுத்து வைத்து, எல்லாவற்றையும் எண்ணினால் முடிந்தது.

இரண்டாவது: "5 இருந்துச்சு, கொஞ்சம் வாங்கிட்டு வந்தார், இப்போ 8. எத்தனை வாங்கினார்?" இங்கே பிள்ளை 5 வைக்கும், அதன் மேல் ஒவ்வொன்றாக எட்டு வரும் வரை வைக்கும். பிறகு, புதிதாக வைத்தது எது, முதலிலேயே இருந்தது எது என்று குழம்பிப்போய் 8 என்றே சொல்லிவிடும். தீர்வு எளிது. முதலில் இருந்த ஐந்தையும் ஒரு தட்டில் வையுங்கள், புதிதாக வருபவை தட்டுக்கு வெளியே இருக்கட்டும்.

மூன்றாவதுதான் நாம் தொடங்கிய கேள்வி. இதில் தொடக்கமே தெரியாது. முதலில் எத்தனை வைப்பது என்று தெரியாததால் கதையை நடத்திக் காட்டவே முடியாமல் பிள்ளை நிற்கும். கதையைப் பின்னோக்கி ஓட்டத் தெரிய வேண்டும்: இப்போது 8, அப்பா போட்ட மூன்றை எடுத்துவிடு, என்ன இருந்தது? ஏழு வயதை ஒட்டித்தான் பெரும்பாலானவர்களுக்கு இது பிடிபடும். அதற்கு முன் பிடிபடவில்லை என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை.

ஆக, கணக்கைக் கடினமாக்க பெரிய எண் தேவையில்லை. தெரியாத எண்ணைக் கதையின் முடிவிலிருந்து நடுவுக்கு, நடுவிலிருந்து தொடக்கத்துக்கு நகர்த்தினாலே போதும். "என் பிள்ளை 25ஐயும் 38ஐயும் கூட்டும், ஆனால் கதையாகக் கேட்டால் முழிக்கிறது" என்பவர்கள், எண்களை 10க்குள் இறக்கிவிட்டு இந்த மூன்று இடங்களிலும் கேட்டுப் பார்க்க வேண்டும். எங்கே நிற்கிறது என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கிண்ணம் வைத்து ஆடுவது

தேவையானவை 8 புளியங்கொட்டை, ஒளி ஊடுருவாத ஒரு கிண்ணம். சோழி, மொச்சைக்கொட்டை, சட்டைப் பித்தான் எதுவும் ஆகும். வீட்டில் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால் கொட்டையெல்லாம் வேண்டாம். வாய்க்கும் போகும், மூக்குக்கும் போகும். துணி மாட்டும் கிளிப் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எட்டையும் பிள்ளையையே எண்ணச் சொல்லுங்கள். கண்ணை மூடச் சொல்லி மூன்றைக் கிண்ணத்துக்குள் மறையுங்கள். ஐந்து வெளியே தெரிகிறது. "உள்ளே எத்தனை?" அவ்வளவுதான் ஆட்டம்.

பிள்ளையின் விரலையும் உதட்டையும் கவனியுங்கள். சிலர் கிண்ணத்தின் மேலேயே விரலால் தட்டி "ஆறு, ஏழு, எட்டு" என்று எண்ணி 3 என்பார்கள். இது நல்ல வழி, இடையில் பேசாதீர்கள். சிலர் சும்மா ஒரு எண்ணைச் சொல்வார்கள். "சரி, தூக்கிப் பாரு" என்று சொல்லிவிடுங்கள். தவறு என்று நீங்கள் சொல்லத் தேவையில்லை, கிண்ணமே சொல்லிவிடும். நான்கைந்து தடவை ஆனதும் இடம் மாறி உட்காருங்கள். பிள்ளை மறைக்கட்டும், நீங்கள் சொல்லுங்கள். ஒரு தடவை வேண்டுமென்றே தப்பாகச் சொன்னால், அதைக் கண்டுபிடிக்கும் சந்தோஷத்துக்காகவே அடுத்த நாளும் ஆட வரும்.

எட்டில் கை பழகிய பிறகு பத்து. பத்தின் ஜோடிகள் (7க்கு 3, 6க்கு 4) கண்ணை மூடிக்கொண்டு வரும் அளவுக்கு இந்த ஆட்டத்தில் நாள் போகலாம். பின்னால் சில்லறைக் கணக்குக்கு இதுதான் அடித்தளம்.

"அதிகம்" என்ற சொல்

"பாப்பாகிட்ட 5 முறுக்கு. அண்ணன்கிட்ட 8 முறுக்கு. அண்ணன்கிட்ட எத்தனை அதிகம்?" வரும் பதில் பெரும்பாலும் "எட்டு". அல்லது "அண்ணன்கிட்டதான்". பிள்ளையின் காதில் விழுந்த கேள்வி, யாரிடம் நிறைய இருக்கிறது, அது எத்தனை என்பதே. வித்தியாசம் என்பது கண்ணால் பார்க்க முடியாத ஒரு பொருள். தட்டில் அந்த "3 அதிகம்" தனியாக எங்கும் இல்லை.

சொல்லை மாற்றிக் கேளுங்கள்: "பாப்பாவுக்கும் அண்ணன் அளவுக்கு வேணும்னா இன்னும் எத்தனை குடுக்கணும்?" இதற்கு உடனே பதில் வரும். 1983இல் ஹட்சன் என்ற ஆய்வாளர் இதையே சோதித்திருக்கிறார். பறவைகளும் புழுக்களும் வரைந்த படத்தைக் காட்டி, புழுக்களைவிடப் பறவைகள் எத்தனை அதிகம் என்று கேட்டபோது சிறு பிள்ளைகள் பலர் திணறினார்கள். ஒவ்வொரு பறவையும் ஒரு புழுவைப் பிடிக்கப் போனால் எத்தனை பறவைக்குப் புழு கிடைக்காது என்று அதே படத்தைக் காட்டிக் கேட்டபோது பெரும்பாலானவர்கள் சரியாகச் சொன்னார்கள்.

முறுக்குகளை இரண்டு வரிசையாக, ஒன்றுக்கு நேர் ஒன்றாக அடுக்கிவைத்து, ஜோடி இல்லாமல் நிற்பதைத் தொட்டுக் காட்டுவதும் பலன் தரும். இரண்டு வரிசையும் ஒரே இடத்தில் தொடங்க வேண்டும். முறுக்குகள் வேறு வேறு அளவில் இருந்தால் வரிசையின் நீளம் கண்ணை ஏமாற்றும். அதற்கும் கொட்டையே மேல். "அண்ணன்கிட்ட 8, அது பாப்பாகிட்ட இருக்கறதைவிட 3 அதிகம், பாப்பாகிட்ட எத்தனை" என்பதை மட்டும் எட்டு வயது வரை தொடாதீர்கள். "அதிகம்" என்று கேட்டுவிட்டுக் கழிக்க வேண்டியிருக்கிறது, பெரியவர்களே ஒரு நொடி நின்று யோசிப்பார்கள்.

இந்த இடத்தில் ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். "மொத்தம் என்று வந்தால் கூட்டு, மீதி என்று வந்தால் கழி" என்று பல வீடுகளில் சொல்லிக் கொடுக்கிறார்கள். தேர்வில் நாலு மார்க் வாங்கித் தரும், உண்மைதான். ஆனால் இதைக் கற்ற பிள்ளை கதையைக் கேட்பதை நிறுத்திவிடும், சொல்லைத் தேடும். "தம்பி 4 வடை சாப்பிட்ட பிறகு மீதி 6 வடை இருக்கு. அம்மா எத்தனை வடை சுட்டாங்க?" மீதி என்ற சொல் இருக்கிறது, கூட்டத்தான் வேண்டும். "மொத்தம் 10 இட்லி, அதுல 4 தீர்ந்துபோச்சு" என்பதில் மொத்தம் இருக்கிறது, கழிக்கத்தான் வேண்டும். இப்படி வேண்டுமென்றே சொல்லை எதிர்ப்பக்கம் வைத்து வாரத்துக்கு ஒரு கேள்வி கேட்டால் அந்தப் பழக்கம் ஒட்டாது. கேட்டவுடன் விடையைக் கேட்காதீர்கள். "என்ன நடந்துச்சு, உன் வாயால சொல்லு" என்று கேளுங்கள். கதையைத் திருப்பிச் சொல்லிவிட்டால் பாதிக் கணக்கு முடிந்தது.

பங்கு போடுவதில் இரண்டு விதம்

12 முறுக்கு, 3 பேர், ஆளுக்கு எத்தனை? பிள்ளை சீட்டு போடுவதுபோல உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று என்று போட்டுக்கொண்டே போகும். கடைசியில் ஒருவர் பங்கை எண்ணி 4 என்று சொல்லும்.

12 முறுக்கு, ஆளுக்கு 3 வீதம், எத்தனை பேருக்கு வரும்? இதற்கு அந்தச் சீட்டு வழி உதவாது. யார் யாருக்குப் போடுவது என்று தெரியாமல் சுற்றிலும் பார்க்கும் பிள்ளைகளைக் காணலாம். இங்கே மூன்று மூன்றாகக் குவித்து, குவியல்களை எண்ண வேண்டும். தாளில் இரண்டும் 12 வகுத்தல் 3தான். கையால் செய்யும்போது வேறு வேறு வேலை, விடையும் வேறு: முன்னதில் 4 முறுக்கு, பின்னதில் 4 பேர். வீட்டில் நாம் முதல் விதத்தையே கேட்டுப் பழகியிருப்பதால் "வீதம்" என்ற சொல்லைப் பள்ளியில் முதல்முறை பார்க்கும்போது பிள்ளை மிரள்கிறது. "தட்டுக்கு 4", "பொட்டலத்துக்கு 5", "தலைக்கு 2" என்று பேச்சில் அடிக்கடி போட்டுவையுங்கள்.

மிச்சம் வரும்போதுதான் வகுத்தல் சுவைக்கும். 7ஐ 2ஆல் வகுத்தால் என்ன? எதை வகுக்கிறோம் என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. 7 தோசையை 2 பேர் பங்கு போட்டால் ஆளுக்கு மூன்றரை. 7 பலூனை 2 பேர் பங்கு போட்டால் ஆளுக்கு 3, ஒன்று மிச்சம் (அரைப் பலூன் யாருக்கு வேண்டும்). 7 பேர் ஊஞ்சலில் இரண்டிரண்டு பேராக ஏறினால் 4 முறை, கடைசி முறை ஒருவர் மட்டும். கையில் 7 ரூபாய், மிட்டாய் 2 ரூபாய் என்றால் 3 மிட்டாய், 1 ரூபாய் பையில். ஒரே வகுத்தலுக்கு நாலு பதில். இந்த நாலையும் ஒரே நாளில், ஒன்றன்பின் ஒன்றாகக் கேளுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல விடுகதை கிடையாது.

இட்லிப் பானையும் இதற்கு உதவும். 3 தட்டு, தட்டுக்கு 4 குழி, ஆக ஒரு ஈட்டுக்கு 12 இட்லி. இன்று 20 இட்லி வேண்டும், எத்தனை ஈடு வைக்க வேண்டும்? ஒரு ஈடு போதாது, இரண்டு ஈட்டில் 24 வரும். இரண்டாவது ஈட்டில் எத்தனை குழியை காலியாக விடலாம் என்பது அடுத்த கேள்வி. மாவிலும் ஒன்று இருக்கிறது: 4 டம்ளர் அரிசிக்கு 1 டம்ளர் உளுந்து என்றால் 8 டம்ளர் அரிசிக்கு? "5" என்று சில பிள்ளைகள் சொல்வார்கள். நாலைவிட ஒன்று மூன்று குறைவு, எட்டைவிட ஐந்து மூன்று குறைவு என்பது அவர்கள் நியாயம். சிரிக்காதீர்கள்; கூட்டல் கழித்தல் மட்டுமே தெரிந்த மனதுக்கு அதுதான் பொருத்தம். 4 கொட்டைக்குப் பக்கத்தில் 1 பித்தான், இன்னொரு 4 கொட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு பித்தான் என்று வைத்துக் காட்டினால் இரண்டு என்று தானே சொல்லும்.

ஒன்று கூடுதல், ஒன்று குறைவு

பிள்ளை விடை சொல்கிறது, ஆனால் எப்போதும் ஒன்று தள்ளிப்போகிறது. 8இல் 3 போனால் "எட்டு, ஏழு, ஆறு", ஆகவே 6. இது கவனக்குறைவல்ல. நிற்கும் எண்ணையே முதல் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்கிறது. தாயம் விளையாடும்போது காய் நிற்கும் கட்டத்தையே "ஒண்ணு" என்று எண்ணித் தொடங்குகிறதா என்று பாருங்கள். அங்கேயும் அதே தவறு இருக்கும், திருத்துவதும் அங்கேதான் சுலபம். காய் குதித்து இறங்கும்போதுதான் எண்ண வேண்டும். மாடிப்படியிலும் அப்படியே. எட்டாம் படியில் நின்று மூன்று படி இறங்கச் சொன்னால், கால் கீழே பட்ட பிறகே "ஒண்ணு".

இதே குடும்பத்தைச் சேர்ந்தது முருங்கைக்காய்க் கணக்கு. ஒரு முருங்கைக்காயை 5 துண்டாக்க எத்தனை தடவை வெட்ட வேண்டும்? ஐந்து என்ற பதில் வாயில் தயாராக நிற்கும். வெட்டிப் பார்த்தால் 4. உடனே இன்னொன்று: இரண்டு நுனியையும் கிள்ளி எறிந்துவிட்டு 5 துண்டு வேண்டுமென்றால்? 6 வெட்டு. கொடியில் 4 சட்டையைத் தோளோடு தோள் சேர்த்து, நடுவில் வரும் கிளிப் இரண்டு சட்டைக்கும் பொதுவாக இருக்கும்படி மாட்டினால் 5 கிளிப். ஆறு வயதுக்குச் செய்து பார்க்க, எட்டு வயதுக்கு செய்யாமல் யோசிக்க.

காசும் பஸ்ஸும்

கடையில் 14 ரூபாய்க்கு வாங்கிவிட்டு 20 ரூபாய் கொடுக்கிறோம். தாளில் இது கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு. கடைக்காரரோ கழிப்பதே இல்லை. ஒரு ரூபாயை வைத்து "பதினஞ்சு", ஐந்து ரூபாயை வைத்து "இருபது" என்று நிறுத்திவிடுவார். வைத்தது 6. பிள்ளைக்கு இந்த வழியை முதலில் காட்டுங்கள். கிண்ணத்தில் பழகிய "மேலே எண்ணுவது" இதுதான். வீட்டில் கடை வைத்து ஆடும்போது உண்மையான 1, 2, 5, 10 ரூபாய் நாணயங்களையே கொடுங்கள். 5 ரூபாய் நாணயம் ஒன்று, 1 ரூபாய் நாணயங்கள் நாலு வைத்தால், "நாலுதான் அதிகம், ஏன்னா நாலு காசு இருக்கு" என்று சொல்லும் வயது ஒன்று உண்டு. அந்த வயதில் சில்லறைக் கணக்கு கேட்பது வீண், காசை மாற்றி ஆடுவதே போதும்.

தெருவில் சரளமாக வரும் கணக்கு தாளில் வராமல் போவது பற்றி பிரேசிலின் ரெசீஃபே நகரில் ஒரு புகழ்பெற்ற ஆய்வு நடந்தது, 1985இல் வெளியானது. தேங்காய் விற்கும் 12 வயதுப் பையனிடம் வாடிக்கையாளர் போலப் போய், ஒன்று 35 க்ருசேரோ (அன்றைய பிரேசில் பணம்), பத்துக்கு எவ்வளவு என்று கேட்டார்கள். அவன் 35க்குப் பக்கத்தில் ஒரு பூஜ்யம் போட்டு விடை சொல்லவில்லை. மூன்றுக்கு 105, இன்னொரு மூன்று சேர்த்தால் 210, இன்னும் நாலு வேண்டும், 315, பிறகு 350 என்று ஏறிப்போனான். இப்படிச் சந்தையில் கேட்டவற்றுக்குச் சிறுவர்கள் ஏறக்குறைய எல்லாமே சரியாகச் சொன்னார்கள். அதே மாதிரிக் கணக்கைக் கதையாகக் கொடுத்தபோது 100க்கு 74 அளவிலும், வெறும் எண்களாகக் கொடுத்தபோது 100க்கு 37 அளவிலும்தான் சரி. பிள்ளை எந்த வழியில் விடைக்கு வந்தது என்று கேட்டு, அந்த வழியை அப்படியே மதியுங்கள். பள்ளி வழி பின்னால் வந்து சேரும்.

பஸ் டிக்கெட் கணக்கு தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கென்றே அமைந்தது. அப்பா, அம்மா, 8 வயது அண்ணன், 3 வயதுத் தங்கை, நாலு பேரும் சாதாரண டவுன் பஸ்ஸில் ஏறுகிறார்கள். முழு டிக்கெட் 10 ரூபாய். எவ்வளவு ஆகும்? நாலு பெருக்கல் பத்து என்று பாய்கிறவர்கள் பஸ்ஸில் போகாதவர்கள். அப்பாவுக்கு 10. அம்மாவுக்குக் கட்டணமில்லை. அண்ணனுக்கு அரை டிக்கெட் 5. தங்கைக்கு டிக்கெட்டே வேண்டாம். ஆக 15. எண்கள் சின்னவை, ஆனால் பஸ்ஸுக்குள் என்ன நடக்கும் என்று தெரியாமல் போட முடியாது.

நேர்மாறாக, விடையே இல்லாத கணக்கும் எப்போதாவது கேட்க வேண்டும். "பஸ்ஸில் 26 பேர் இருந்தார்கள், 10 பேர் ஏறினார்கள், டிரைவருக்கு வயசு என்ன?" சிரித்தால் நல்லது. 36 என்று வந்தால் கவனிக்க வேண்டியது நாம்தான். பிரான்ஸில் கிரெனோபிள் நகர ஆய்வுக் குழு 1980ஐ ஒட்டி, கப்பலில் 26 செம்மறியாடு, 10 வெள்ளாடு, கேப்டன் வயது என்ன என்று 97 பிள்ளைகளிடம் கேட்டது. 76 பேர் அந்த எண்களைச் சேர்த்தோ கழித்தோ ஒரு வயதைச் சொன்னார்கள். எண் இருந்தால் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று பழக்கியிருக்கிறோம்.

நாற்காலியும் முக்காலும்

பின்னம் கற்பிக்கத் தமிழ் கையோடு ஒரு வேடிக்கையைக் கொடுத்திருக்கிறது. ஒரு தோசையைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறினால் ஒரு துண்டு கால். ஆட்டுக்கு எத்தனை கால்? நாலு. தோசைக்கு? அதுவும் நாலு. முக்காலிக்கு மூன்று கால், முக்கால் தோசைக்கும் மூன்று கால். பிள்ளை ஒரு வாரத்துக்கு இதையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரியும், திரியட்டும். பிறகு கால் கிலோ பீன்ஸ் எத்தனை தடவை வாங்கினால் ஒரு கிலோ, அரை லிட்டர் பாக்கெட் தினம் ஒன்று என்றால் நாலு நாளைக்கு எத்தனை லிட்டர், ஏழேகாலுக்கு விளையாடத் தொடங்கி ஏழே முக்காலுக்கு முடித்தால் எவ்வளவு நேரம் என்று போகலாம். தோசையைக் கீறும்போது துண்டுகள் சமமாக இருக்க வேண்டும் என்பதை விட்டுவிடாதீர்கள். நாலு துண்டு என்றாலே ஒவ்வொன்றும் கால் என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும், பெரிய காலைத் தனக்கு எடுத்துக்கொண்ட பிறகும்.

எத்தனை, எவ்வளவு என்ற வேறுபாட்டையும் பேச்சிலேயே சரியாகப் பிடியுங்கள். தக்காளி எத்தனை, பால் எவ்வளவு. எண்ணுவதா அளப்பதா என்பது கேள்வியின் முதல் சொல்லிலேயே தெரிந்துவிடும். ஆங்கிலவழிப் பிள்ளை "செவன்டீன்" என்றே எண்ணினால் திருத்த வேண்டியதில்லை, ஆனால் பதினேழு என்ற சொல்லையும் காதில் போடுங்கள். பத்தும் ஏழும் அதற்குள்ளேயே தெரிகிறது. தமிழில் தடுக்குவது தொண்ணூறு. அதில் நூறு என்று ஒலிப்பதால் எண்பத்தொன்பதுக்குப் பிறகு நேரே நூறுக்குத் தாவும் பிள்ளைகள் உண்டு.

எப்போது, எவ்வளவு

ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு கேள்வி போதும். பத்துக் கேள்வி கேட்டால் அது டியூஷன். கேட்ட பிறகு மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். பெரும்பாலும் நாம் மூன்றிலேயே வாயைத் திறந்துவிடுகிறோம். நாலைந்து வயதில் எண்கள் 10க்குள், பொருள் கையில். ஆறேழு வயதில் 20க்குள், பொருளுக்குப் பதிலாகத் தாளில் கோடோ புள்ளியோ. தக்காளிக்குக் காம்பும் இலையும் வரைந்து கலர் அடிக்க உட்கார்ந்தால் முதல் நாள் விட்டுவிடுங்கள், மறுநாள் "ஒரு தக்காளிக்கு ஒரு கோடு போதும்" என்று சொல்லுங்கள். எட்டு வயதுக்கு மேல் இரண்டு படியாகப் போடும் கணக்கு (முதலில் கூட்டிவிட்டு, வந்ததிலிருந்து கழிப்பதுபோல) கேட்கலாம்.

பிள்ளைக்குக் கழித்தல் புரிந்ததா என்று பார்க்க, கணக்குக் கொடுக்காமல் எண்ணைக் கொடுங்கள்: "7இல் 3 போச்சு, இதுக்கு ஒரு கதை சொல்லு." "7 காக்கா, 3 காக்கா, எத்தனை காக்கா?" என்று வந்தால் இன்னும் புரியவில்லை. "7 காக்கா இருந்துச்சு, நான் கல்லு எறிஞ்சேன், 3 பறந்துபோச்சு" என்றால் புரிந்துவிட்டது. கல் எறிந்ததைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

கோலம் பார்த்து எண்ணும் வயது வந்தவர்களுக்கு: 7 புள்ளியிலிருந்து 1 வரை நேர்ப்புள்ளி வைத்தால் வரிசைகள் 1, 3, 5, 7, 5, 3, 1. மொத்தம் 25. நடு வரிசை 5, இடுக்குப்புள்ளி 3 வரை என்றால் 3, 4, 5, 4, 3, மொத்தம் 19. வைத்து எண்ணிய பிறகு, நடு வரிசையை 9 ஆக்கினால் நேர்ப்புள்ளி எத்தனை ஆகும் என்று கேளுங்கள். 41.

பலாப்பழ சீசன் வரும்போது இன்னொன்று செய்யலாம். பழத்தை வெட்டாமலே சுளையை எண்ணப் பழைய தமிழ்க் கணக்கில் ஒரு வழி சொல்லியிருக்கிறார்கள்: காம்பைச் சுற்றியுள்ள சிறுமுட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் வருவது சுளை. 75 முள் என்றால் 450, அதை ஐந்தால் வகுத்தால் 90. பெருக்கல் இன்னும் வராத பிள்ளைக்கு, 75ஐ ஐந்து பங்காக்கி ஒரு பங்கை மேலே சேர்க்கச் சொல்லுங்கள், அதுவும் 90தான். எண்ணிய முள்ளுக்கெல்லாம் சாக்பீஸால் புள்ளி வைத்தால் இரண்டு தடவை எண்ணாமல் தப்பிக்கலாம். விடையை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பழத்தை வெட்டி, சுளைகளைப் பத்துப் பத்தாக அடுக்கச் சொல்லுங்கள். எண்ணி முடிக்கும் வரை யாரும் ஒரு சுளைகூட எடுத்துத் தின்னக் கூடாது.